ப்ளூஸ் மவுத் ஆர்கன்: யாரைக் கேட்பது, அவர்கள் வாயில் என்ன நடக்கிறது

கேள்வி இது: "24 துளை மவுத் ஆர்கனில் சினிமாப் பாட்டுகள் வாசிப்பேன். ப்ளூஸ் வாசித்தவர்களில் யார் யாரைக் கேட்க வேண்டும்? ஒருவருக்கும் இன்னொருவருக்கும் பாணியில் என்ன வித்தியாசம்? அவர்கள் எழுப்பும் அந்த அழுகுரல் என் கருவியில் ஏன் வரமாட்டேன் என்கிறது?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கோளாறு உங்களிடம் இல்லை, கருவியில் இருக்கிறது. நம் கடைகளில் அதிகம் விற்கும் 24 துளைக் கருவி ட்ரெமலோ வகை. ஒரே சுரத்துக்கு இரண்டு ரீட், அதாவது காற்றில் அதிரும் மெல்லிய உலோக நாக்குகள். இரண்டும் மயிரிழை ஸ்ருதி வித்தியாசத்தோடு சேர்ந்து ஒலிப்பதால்தான் அந்த அலைபாயும் ஓசை. ஒவ்வொரு ரீடும் தனித்தனி அறையில் இருக்கும். சுரத்தை வளைக்க, அதாவது பெண்ட் செய்ய, ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும். இழுக்கும்போது வாய்க்குள்ளிருக்கும் இடத்தின் அளவை மாற்றினால், ஸ்ருதி உயர்ந்த ரீட் கீழே இறங்கும், ஸ்ருதி தாழ்ந்த ரீடும் அதோடு சேர்ந்து அதிரத் தொடங்கும். அந்த ஏற்பாடு டயட்டானிக் என்ற 10 துளை மவுத் ஆர்கனில் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் இசையை வாசிப்பவர்கள் 'ஹார்ப்' என்று சொல்வது இதைத்தான். ஹோனர் நிறுவனத்தின் மரைன் பேண்ட் 1896-இல் வந்தது. கீழே வரும் பழைய பதிவுகளில் பெரும்பாலானவை அந்த மாடலில் வாசிக்கப்பட்டவை.

சி ஹார்ப்பை, அதாவது சி-யை சட்ஜமாக வைத்துச் செய்ததை, எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 10 வரை ஊதினால் சி, ஈ, ஜி மூன்றும் திரும்பத் திரும்ப வந்து சி-யில் முடியும். இழுத்தால் டி, ஜி, பி, டி, எஃப், ஏ, பி, டி, எஃப், ஏ. 1, 2, 3 துளைகளைச் சேர்த்து இழுத்தால் ஜி மேஜர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) கிடைக்கிறது. அதனால்தான் சி ஹார்ப்பில் ஜி-யில் வாசிக்கிறார்கள். இதற்கு செகண்ட் பொசிஷன் அல்லது கிராஸ் ஹார்ப் என்று பெயர். கர்நாடக சங்கீதக் கணக்கில் சுலபமாக நினைவு வைக்கலாம்: பாட்டின் கீ-யை சட்ஜமாக வைத்தால் சுத்த மத்யமம் எங்கே விழுகிறதோ அந்த கீ ஹார்ப்பை எடுக்க வேண்டும். பாட்டு ஈ-யில் என்றால் ஏ ஹார்ப், ஏ-யில் என்றால் டி ஹார்ப், எஃப்-இல் என்றால் பி ஃப்ளாட் ஹார்ப்.

இப்படி வாசிக்கும்போது முக்கியமான சுரங்கள் எல்லாம் இழுக்கும் பக்கம் வந்துவிடும், கீழ்த் துளைகளில் வளைவதும் இழுக்கும் சுரங்களே. 2-ஆம் துளை ஜி-யிலிருந்து எஃப் வரை இறங்கும். 3-ஆம் துளை பி-யிலிருந்து பி ஃப்ளாட், ஏ, ஏ ஃப்ளாட் என்று மூன்று படி இறங்கும். 4-ஆம் துளை டி-யிலிருந்து அரைப்படி. ப்ளூஸின் உயிர் 3-ஆம் துளையில் இருக்கிறது. அந்தர காந்தாரத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் நடுவே, இரண்டிலும் சேராமல் நிற்கும் ஒரு காந்தாரம் அது. கீபோர்டில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது.

இனி ஆட்கள். ஒரு பதிவைக் கேட்கும்போது நான்கு விஷயங்களைத் தனியாகப் பிரித்துக் கேளுங்கள்: மூச்சு, நாக்கு, கை, மைக். எந்த ஒரு வாசிப்பாளரின் பாணியும் இந்த நான்கில் ஒன்றிரண்டில்தான் தங்கியிருக்கிறது. வேகத்துக்கு இதில் கடைசி இடம்.

மூச்சுக்கு சோனி டெர்ரி. 1911-இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர், இளம் வயதிலேயே இரண்டு கண்களிலும் பார்வையை இழந்தவர். 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னெகி ஹாலில் வாசித்தார். பிறகு கிதார்க்காரர் பிரவுனி மெகீயோடு பல பத்தாண்டுகள் ஜோடி சேர்ந்து வாசித்தார். டிரம்ஸ், பேஸ் எதுவும் இல்லாமல் தாளம் முழுவதையும் ஹார்ப்பே தூக்கிப் பிடிக்கும். 1 முதல் 3 வரையிலான துளைகளை மாற்றி மாற்றி ஊதி இழுத்துக்கொண்டே, நடுவில் பொய்க்குரலில் ஒரு 'ஊ' என்ற கூவலைச் செருகுவார். அந்தக் கூவல் வெறும் அலங்காரம் இல்லை. சுரத்தை விட்டுவிட்டுக் குரலுக்குத் தாவும் அந்த ஒரு நொடியில் நுரையீரலில் சேர்ந்த காற்றும் வெளியேறிவிடுகிறது. செகண்ட் பொசிஷனில் இழுப்பதுதான் அதிகம் என்பதால் புதியவர்களுக்கு மூச்சு முட்டுவது காற்று போதாமல் அல்ல, காற்று நிரம்பிவிடுவதால். ஊதும் ஒவ்வொரு இடத்திலும் மூக்கு வழியாகவும் கொஞ்சம் வெளியே விடப் பழகினால் இது தீரும்.

இதே மரபில் இன்னும் முந்தியவர் டிஃபோர்ட் பெய்லி. நாஷ்வில் நகரின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர். 1927-இல் பதிவான அவருடைய 'பேன் அமெரிக்கன் ப்ளூஸ்' ஒரு ரயிலை அப்படியே ஹார்ப்பில் ஓட்டிக் காட்டும். ரயில் தாளம் பழக 60 என்ற மெட்ரோனோம் வேகத்தில் இரண்டு முறை இழு, இரண்டு முறை ஊது. ஒவ்வொன்றுக்கும் நாக்கால் 'தகதிமி' மாதிரி ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். 100 வரை ஏறிய பிறகும் கன்னம் உப்பாமல், தோள் ஏறாமல் இருந்தால் மூச்சு வயிற்றிலிருந்து வருகிறது என்று பொருள்.

கைக்கு சோனி பாய் வில்லியம்சன். இந்தப் பெயரில் இரண்டு பேர் உண்டு. பாட்டைத் தேடும்போது குழம்பிவிடாதீர்கள். முதலாமவர் ஜான் லீ வில்லியம்சன், டென்னசியின் ஜாக்சன் ஊர்க்காரர். 1937-இல் 'குட் மார்னிங், ஸ்கூல் கேர்ள்' பதிவு செய்தார், 1948-இல் சிகாகோவில் கொல்லப்பட்டார். பாட்டுக்குத் துணையாக ஓரத்தில் கிடந்த ஹார்ப்பை, பாடுகிறவரின் இரண்டாவது குரலாக ஆக்கியவர் அவர். ஒரு வரி பாடுவார். வரியின் கடைசிச் சொல் வாயிலிருந்து மறைவதற்குள் ஹார்ப் அதை வாங்கிக்கொண்டு பேசும்.

இரண்டாமவரின் இயற்பெயர் அலெக் மில்லர், ரைஸ் மில்லர் என்றும் சொல்வார்கள். ஆர்கன்சாவின் ஹெலீனா நகரில் கேஎஃப்எஃப்ஏ வானொலியின் 'கிங் பிஸ்கட் டைம்' நிகழ்ச்சியில் 1941 முதல் வாசித்துப் புகழ்பெற்றவர். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இவருடையதுதான், கீழே வரும் புகழ்பெற்ற லிட்டில் வால்டர் இல்லை. காரணம், ஒலிபெருக்கியின் மறைப்பு இல்லாமல் இவருடைய கை என்ன செய்கிறது என்பது தெளிவாகக் காதில் விழும். 1963-இல் வந்த 'ஹெல்ப் மீ' எஃப்-இல் இருக்கிறது. பி ஃப்ளாட் ஹார்ப். அதில் அவர் வாசிப்பதை எழுதிப் பார்த்தால் ஒரு பக்கம்கூட நிரம்பாது. இரண்டு மூன்று சுரம், பிறகு இடைவெளி. அந்தச் சுரங்களில் ஒன்றுகூடச் சும்மா நிற்பதில்லை. கை திறந்து மூடும்போது 'வா, வா' என்று உச்சரிக்கும், முடிவில் தொண்டையால் நடுங்கும்.

இதைச் செய்ய இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே ஹார்ப்பைப் பிடியுங்கள். வலது உள்ளங்கையின் அடிப்பகுதியை இடது உள்ளங்கையின் அடிப்பகுதியோடு ஒட்டவைத்து, அங்கிருந்து கதவு மாதிரி விரல்களைத் திறந்து மூடுங்கள். மூடியிருக்கும்போது ஒலி குகைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்க வேண்டும். மங்கவில்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் அது சுண்டுவிரல்களுக்குக் கீழே இருக்கும். கையை வேகமாக ஆட்டுவதால் பலன் இல்லை. மூடுவது முழுமையாக இருந்தால் மெதுவாகத் திறந்தாலே போதும்.

நாக்கு என்ற விஷயத்துக்கு வந்தால் லிட்டில் வால்டர், பிக் வால்டர் ஹார்டன் இருவரையும் சேர்த்தே பேச வேண்டும். ஒரே துளையில் வாசிக்க இரண்டு வழி உண்டு. உதடுகளை விசிலடிப்பதுபோலக் குவிக்கலாம். அல்லது நான்கு துளைகளை வாயில் வாங்கி, நாக்கால் இடப்பக்க மூன்றையும் அடைத்து, வலக்கோடியில் மட்டும் காற்றை விடலாம். இரண்டாவது முறை டங் பிளாக்கிங். இதில் நாக்கைச் சட்டென்று எடுத்து வைத்தால் முதலில் முழு கார்டும், அடுத்த கணம் ஒற்றைச் சுரமும் விழும். அந்த 'சளப்' என்ற அடிதான் சிகாகோ ஒலிக்குக் கனம் கொடுப்பது. உதடு குவித்து வாசிப்பவர் எவ்வளவு ஓங்கி ஊதினாலும் அந்தக் கனம் வராது.

நாக்கை நடுவில் வைத்து இரண்டு கடைவாய்களிலும் காற்றை விட்டால் ஆக்டேவ், அதாவது ஒரே சுரம் அடுத்தடுத்த இரண்டு ஸ்தாயிகளில் சேர்ந்து ஒலிக்கும். ஊதும்போது 1-4, 2-5, 3-6 என்று நடுவில் இரண்டு துளைகளை அடைத்தால் ஆக்டேவ் சுத்தமாக விழும். இழுக்கும்போது 1-4 மட்டுமே அப்படி. 2-5 இழுத்தால் ஜி-யும் எஃப்-உம் சேர்ந்து கரகரக்கும். அது பிழையில்லை, ப்ளூஸில் வேண்டுமென்றே பயன்படுத்துகிற ஒலி. அதற்கு மேலே 3-7, 4-8 என்று நடுவில் மூன்று துளைகளை அடைக்க வேண்டும். பலர் நான்கு துளை அகலத்தையே மேலேயும் இழுத்துவிட்டு "ஸ்ருதி சேரவில்லை, ஹார்ப் கெட்டுப்போச்சு" என்கிறார்கள்.

லிட்டில் வால்டர் 1930-இல் லூசியானாவின் மார்க்ஸ்வில்லில் பிறந்தார். சிகாகோ ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவில் இருந்தபோது, 1952 மே 12 அன்று சிகாகோவில் 'ஜூக்' பதிவானது. பாட்டு இல்லாத, ஹார்ப்பை முன்னிறுத்திய அந்தத் துண்டு பில்போர்டு ரிதம் அண்டு ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்தில் எட்டு வாரம் இருந்தது. கீ ஈ, ஹார்ப் ஏ. 2-ஆம் துளையில் தொடங்கி 6-ஆம் துளை வரை படியேறும் ஒரு சிறு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். சுரங்களை ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம். பிடிபடாதது அதன் நடை. அவர் சாக்ஸபோன்காரர்களைக் கேட்டு, குறிப்பாக லூயிஸ் ஜோர்டனின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். ஒவ்வொரு தட்டையும் சமமாகப் பிரிக்காமல், திஸ்ரத்தில் முதல் இரண்டு பங்கை ஒன்றாகவும் கடைசிப் பங்கைத் தனியாகவும் வைக்கும் ஊஞ்சல் அது. இரண்டு சம பாதியாக வாசித்தால் 'ஜூக்' பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும்.

அவருடைய இன்னொரு பங்களிப்பு மைக். வானொலிக்காரர்களும் அறிவிப்பாளர்களும் வைத்திருந்த மலிவான மைக்கை ஹார்ப்போடு சேர்த்துக் கைக்குள் பொத்தி, சிறிய வால்வு ஆம்ப்ளிஃபையரில் செருகினார். காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் நேராக மைக்கில் விழும். ஆம்ப் திணறி ஒலியை நசுக்கும். அந்த நசுங்கலே தடித்த, சாக்ஸபோன் போன்ற குரலாகக் கேட்கும். இதை வீட்டில் முயல்பவர்கள் செய்யும் தவறுகள் ஏறக்குறைய ஒன்றே. ஆம்ப்பின் ட்ரெபிளைக் கிதாருக்கு வைப்பதுபோல வைப்பார்கள், மைக் கத்தும். ட்ரெபிளைக் குறைத்து பேஸை ஏற்றி, வால்யூமைக் கத்தத் தொடங்கும் இடத்துக்குச் சற்று கீழே நிறுத்த வேண்டும். வால்வு ஆம்ப் என்றால் முதல் 12ஏஎக்ஸ்7 வால்வை எடுத்துவிட்டு, பெருக்கம் குறைந்த 12ஏஒய்7 போட்டாலே கத்தல் பெரிதும் அடங்கும். அஸ்டாட்டிக் ஜேடி-30 போன்ற பழைய புல்லட் (தோட்டா வடிவ) மைக்குகளுக்குள் இருப்பது ரோஷெல் உப்புப் படிகம். அது சூட்டையும் ஈரத்தையும் தாங்காது. சென்னை மாதிரி ஊரில் காரின் உள்ளே ஒரு மதியம் விட்டுவைத்தால் படிகம் செத்துவிடும். வாங்குவதானால் ஷூர் க்ரீன் புல்லட் போலப் படிகம் இல்லாததைப் பாருங்கள். படிக மைக்கை நேராக மிக்ஸரின் மைக் இன்புட்டில் கொடுத்தால் ஒலி தகரம்போல் மெலிந்துவிடும், ஏனென்றால் அதற்கு மிக அதிக இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) உள்ள இன்புட் வேண்டும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மைக் லிட்டில் வால்டரை உருவாக்கவில்லை. மடி வாட்டர்ஸோடு மைக்கைப் பொத்தாமல் அவர் வாசித்த முந்தைய பதிவுகளிலும் அதே நாக்கடி, அதே ஊஞ்சல் இருக்கின்றன. ஆம்ப் இல்லாமல் கனமாக ஒலிக்காதவர் ஆம்ப் வந்தால் சத்தமாக மட்டுமே ஒலிப்பார்.

தொனியழகில் என் வாக்கு பிக் வால்டருக்கு. 1953-இல் மெம்ஃபிஸின் சன் ஸ்டூடியோவில், ஜிம்மி டிபெரியின் கிதாரோடு அவர் வாசித்த 'ஈசி'யைக் கேளுங்கள். மெதுவான ஒரு மெட்டு. திரும்ப வரும் ஒவ்வொரு சுற்றிலும் ஒலியின் பருமன் ஏறிக்கொண்டே போகும், முடிவில் அறையே அதிர்கிறது என்று தோன்றும். ஜிம்மி ராஜர்ஸின் 'வாக்கிங் பை மைசெல்ஃப்' (1956) பாட்டில் அவர் எடுக்கும் சோலோ டி ஹார்ப்பில், ஏ கீயில். சில நொடிகள்தான், ஆனால் ஒரு சுரத்தைத் தாக்கும் விதம், விடும் விதம் இரண்டுக்கும் அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பருமனுக்குக் காரணம் பலம் இல்லை. தாடை கீழே இறங்கியிருக்கிறது, நாக்கின் பின்பகுதி தளர்ந்திருக்கிறது, ஹார்ப் உதடுகளுக்குள் ஆழமாக இருக்கிறது. கொட்டாவி விடும்போது வாய்க்குள் கிடைக்கும் அந்த இடத்தை வைத்துக்கொண்டு 2-ஆம் துளையை இழுத்துப் பாருங்கள். புதியவர்களுக்கு அந்தத் துளை முனகுவது அல்லது ஒலிக்காமலே போவது வழக்கம். ஹார்ப் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. தொண்டையை இறுக்கியதால் தெரியாமலே பாதி பெண்ட் ஆகி நிற்கிறது, அவ்வளவுதான்.

ஜிம்மி ரீட் இவர்கள் எல்லோருக்கும் எதிர்ப்பக்கம். கழுத்தில் மாட்டிய கம்பித் தாங்கியில் ஹார்ப், கையில் கிதார். எனவே கை வித்தை கிடையாது. 'ஹானஸ்ட் ஐ டூ' (1957) ஏ கீயில், ஏ ஹார்ப்பிலேயே. இது ஃபர்ஸ்ட் பொசிஷன். 8, 9, 10 துளைகளில் ஊதும் சுரங்கள் வளையும் என்பதை நம்பி அந்த உச்சியிலேயே வாசிக்கிறார். மெல்லிய, கூர்மையான கீச்சொலி. எளிது என்று தோன்றும். செய்து பார்த்தால் நாக்கின் நுனியைப் பல்லுக்குப் பின்னால் மிகச் சிறிய இடைவெளியில் நிறுத்த வேண்டியிருக்கும். ஜி அல்லது ஏ ஹார்ப்பில் இதைப் பழகுங்கள். எஃப் ஹார்ப்பில் ரீட்கள் மிகக் குட்டை, வளைப்பது கடினம்.

ஜேம்ஸ் காட்டன் சிறுவனாக இருந்தபோதே இரண்டாம் சோனி பாயிடம் போய்ச் சேர்ந்து கற்றவர். 1960 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் மடி வாட்டர்ஸுக்குப் பின்னால் புயல்போல் ஒலிக்கும் ஹார்ப் அவருடையது. ஜூனியர் வெல்ஸ் சுரத்தை விட மௌனத்தை நம்பியவர். பட்டி கய் (Buddy Guy) என்பவரின் கிதாரோடு 1965-இல் வந்த 'ஹூடூ மேன் ப்ளூஸ்' ஆல்பத்தில் அவர் வாசிக்காமல் விட்ட இடங்களைக் கவனியுங்கள். பால் பட்டர்ஃபீல்ட் இடக்கைக்காரர். ஹார்ப்பைத் தலைகீழாக, தாழ்ந்த சுரங்கள் வலப்பக்கம் வரும்படி பிடித்தார். சோனி டெர்ரியும் அப்படித்தான். பட்டர்ஃபீல்ட் உதடு குவித்து வாசித்தவர். நீளமான ஒற்றைச் சுர ஓட்டங்களும் அகன்ற நடுக்கமும் வேண்டுமென்றால் அவரிடம் போகலாம், கார்டோடு விழும் அந்த நாக்கடி வேண்டுமென்றால் அவரிடம் கிடைக்காது.

இருண்ட, மைனர் சாயல் பிடிக்கும் என்றால் தேர்ட் பொசிஷன். சி ஹார்ப்பில் டி கீ. 4, 5, 6 துளைகளை இழுத்தாலே டி மைனர் கார்டு, எதையும் வளைக்க வேண்டியதில்லை. ஜார்ஜ் ஸ்மித் இதைப் பெரிய க்ரோமாட்டிக் ஹார்ப்பில் (பட்டனை அழுத்தினால் எல்லா அரைப்படிகளும் கிடைக்கும் வகை), பட்டனை அழுத்தாமலே, ஐந்து துளை அகல ஆக்டேவ்களில் வாசித்தார். தேவாலய ஆர்கன்போல் இருக்கும். லிட்டில் வால்டரும் க்ரோமாட்டிக்கை இப்படித்தான் பயன்படுத்தினார்.

வாங்குவதென்றால் முதலில் சி, பிறகு ஏ. பிளாஸ்டிக் உடல் கொண்ட ஹோனரின் ஸ்பெஷல் 20 தொடக்கத்துக்கு நல்லது. மரைன் பேண்டின் பழைய மாடல்களில் பேரிமரக் கட்டை எச்சிலில் ஊறி உப்பி உதட்டைக் கிழிக்கும். ஈரம் ஏறாதபடி கட்டைக்குப் பூச்சு கொடுத்த டீலக்ஸ் மாடலில் அந்தத் தொல்லை குறைவு. லீ ஆஸ்கர் பிராண்ட் ஹார்ப் கீபோர்டு போல சம ஸ்ருதியில் இருப்பதால் ஒற்றைச் சுரத்துக்குச் சரி, ஆனால் 1 முதல் 3 வரை சேர்த்து இழுத்தால் பழைய பதிவுகளில் இருக்கும் வழவழப்பு வராது. ஓங்கி இழுக்கும் பழக்கம் இருந்தால் 4, 5 துளைகளின் ரீட்கள் முதலில் ஸ்ருதி இறங்கும். ஒரு சுரம் திடீரென்று கால் படி தாழ்ந்து ஒலித்தால் ரீடில் விரிசல் விழுந்துவிட்டது என்று கொள்ளலாம். ராவி சரிசெய்தாலும் சில நாளில் உடையும். வாசித்து முடித்ததும் துளைகளைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் தட்டுங்கள், மூடிய பெட்டியில் ஈரமாக வைக்காதீர்கள்.

3-ஆம் துளையைப் பழக ஒரு வழி: கீபோர்டிலோ ட்யூனர் செயலியிலோ பி, பி ஃப்ளாட், ஏ மூன்றையும் தனித்தனியாக ஒலிக்கவிட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு எண்ணிக்கை நின்று பழகுங்கள். வழுக்கிக்கொண்டே போவது சுலபம், நடுவில் நிற்பதுதான் கடினம். ஏ-யில் நான்கு எண்ணிக்கை ஆடாமல் நிற்க முடிந்த பிறகு ட்யூனரை அணைத்துவிட்டு 'ஹெல்ப் மீ'யைப் போடுங்கள். அதற்கு பி ஃப்ளாட் ஹார்ப் வேண்டும். இல்லையென்றால் கையிலிருக்கும் சி ஹார்ப்பில், பாட்டை இரண்டு அரைப்படி ஏற்றி ஜி-க்குக் கொண்டுவந்து வாசியுங்கள். வேகத்தை மாற்றாமல் ஸ்ருதியை மட்டும் ஏற்றும் வசதி இப்போது பல செயலிகளில் இருக்கிறது.